ரெண்டு மாங்காயும் ஒரே பக்கம்

1

நான் ஜெர்மனியில் ஷூ லேஸ் பின்னிப் பிழைக்கிறேன் என்று ஓசூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பேரிகையில் சந்தைப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற அம்மாதான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "என்னாடா பண்ணிட்டிருக்க?" என்று கேட்டாள். "லேஸ் போட்டுட்டிருக்கேம்மா" என்றேன்.

"ஏண்டா, ஓசூர்ல கம்பெனில நாலு பேர வேல வாங்கிட்டிருந்தவன், அங்க போயி செருப்புக்குக் கயிறு போடறியா?"

"அது இல்லம்மா. துணி லேஸு. நூல்ல பூப்பூவாப் பின்றது. ஜாக்கெட் கையில வெச்சுத் தைப்பாங்க இல்ல, அது."

"அதத்தான் கடையில மீட்டர் மீட்டராக் கிழிச்சுக் குடுக்கறாங்களே."

கடைசியில் அம்மாவே சமாதானமாகி, "சரி உடு, லேசான வேலதான? ஒடம்பப் பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டாள். லேசு என்ற சொல்லையும் லேஸ் என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் யாரென்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும். குண்டூசிக் காட்டில் உட்கார்ந்து, விரல் நீளத் துண்டுக்கு ஒரு வாரம் செலவழித்தவனுக்குத்தான் அந்தக் கடுப்பு புரியும்.

இன்று என் தங்கையின் முதல் கல்யாண நாள். காலையில் அவள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதில் அவளும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கல்யாண ஜாக்கெட்டின் வலது கை மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் இங்கே, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். மத்தியானத்துக்கு மேல் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷினோடு எனக்கு வேலை. காலை முழுக்க வீடு எனக்குத்தான். மகள் இனியா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வீட்டில் இருந்தாலும் அவள் ஜெர்மனில்தான் இருப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், செல்வி இரண்டுக்கும் நடுவில் தலையில் அடித்துக்கொள்வாள்.

தங்கைக்குப் பெயர் பவித்ரா. வீட்டில் பாப்பா. ஓசூரில் ஒரு போன் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில் ஆனேக்கல்காரர். நிச்சயம் முடிந்த அன்றைக்கே எனக்கு ஒரு ஜாக்கெட் படம் அனுப்பினாள். முழங்கை வரைக்கும் வெள்ளை லேஸ், அதில் பெரிதாக ஒரு மாங்காய். "அண்ணா, இது அங்கதான் நல்லாக் கிடைக்குமாம். வரும்போது வாங்கிட்டு வா."

வாங்குவது பிரச்சினை இல்லை. வருவதுதான் பிரச்சினை. என்னுடைய தங்கும் அனுமதிக் கார்டு காலாவதியாகிக்கொண்டிருந்தது. புதுக் கார்டு கையில் வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். கார்டுக்கு நேரம் ஒதுக்கித் தரச்சொல்லி இணையத்தில் கேட்கவேண்டும். கேட்டால், இப்போதைக்கு நேரம் எதுவும் இல்லை, பிறகு முயலவும் என்று பணிவாக ஒரு வரி வரும். நான் அந்தப் பணிவை ஒவ்வொரு காலையும் காப்பியோடு சேர்த்துக் குடித்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கார்டு கதையெல்லாம் ஏறவில்லை. அவளுக்கு ஒரே கவலைதான். "பொரி போட அண்ணன் வேணுமேடா." கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன், அவள் இரண்டு கையையும் குவித்து நீட்டும்போது அதில் பொரியை அள்ளிப் போடவேண்டும். அதை அவள் அக்கினியில் கொட்டுவாள். சின்னச் சடங்குதான், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அண்ணன் என்று ஒருத்தன் பக்கத்தில் நிற்கவேண்டும்.

நான் இல்லாவிட்டால் பெரியப்பா மகன் முருகேசன் நிற்பான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னதுல இருந்து என்னைக் கறுப்பி கறுப்பின்னு கூப்பிட்டவன் கையில நான் பொரி வாங்க மாட்டேன். அண்ணன் வரும்." நான் வேறு போனில் வீறாப்பாக, "வர்றேன் பாப்பா, கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

3

லேஸ் எங்கே விற்கிறது என்று தேடப் போன இடத்தில்தான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண்மணியின் கைகள் மட்டும் தெரிகின்றன. முன்னால் ஒரு திண்டு. திண்டின் மேல் படம் வரைந்த அட்டை, அட்டை முழுக்கக் குண்டூசி. ஒவ்வொரு நூல் நுனியிலும் ஒரு மரக் குச்சி தொங்குகிறது. குச்சிகளை இப்படி அப்படி மாற்றிப் போடுகிறார், ஊசியைச் சுற்றி நூல் வளைகிறது, பூ விழுகிறது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "செல்வி, இங்க வந்து பாரு, இது நம்ம போர்டு!"

ஓசூரில் நான் இருந்தது கார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் கம்பெனி. அங்கே ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் காரின் வயர் பாதை முழுக்கப் படமாக ஒட்டியிருக்கும். வளைவுக்கு வளைவு ஆணி. வயரை ஆணி ஆணியாக வளைத்துக் கொண்டுபோய், ஜோடி சேர்த்து, திருகி, டேப் சுற்றினால் ஒரு காரின் நரம்பு மண்டலம் தயார். பலகையைத் திண்டாக்கி, ஆணியைக் குண்டூசியாக்கி, வயரை நூலாக்கிவிட்டால் இந்த அம்மாள் செய்வதுதான். பல வருஷம் அந்தப் போர்டு முன்னால் நின்றவன் நான். கடையில் வாங்குவானேன், நானே போட்டுவிடுகிறேன் என்று அந்த நிமிஷமே தோன்றியது. போக முடிகிறதோ இல்லையோ, கையில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மரக் குச்சிக்குப் பதிலாகத் துணி காயப்போடும் மரக் கிளிப். திண்டுக்குப் பதிலாக, செல்வி வாங்கி ஒரே ஒரு தடவை யோகா செய்த பாயைச் சுருட்டிக் கட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஈரத்துணி கிளிப் இல்லாமல் பால்கனியில் பறந்து, கீழ்வீட்டுக்காரர் தினம் ஒரு காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வீடியோ அம்மாள் ஜெர்மனில் இரண்டே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒன்றுக்குக் குறுக்கே தாண்டு என்று அர்த்தம், இன்னொன்றுக்குத் திருகு என்று அர்த்தம். லேஸ் முழுக்க இந்த இரண்டு அசைவுதான். ஜெர்மன் சொல் என் வாயிலும் நிற்கவில்லை, கையிலும் நிற்கவில்லை. தாண்ட வேண்டிய இடத்தில் திருகினேன், திருக வேண்டிய இடத்தில் கெட்ட வார்த்தை சொன்னேன்.

கம்பெனியில் எங்கள் லைனில் பாதிப் பேருக்குத் தெலுங்கு, கால்வாசிப் பேருக்குக் கன்னடம், மிச்சம் தமிழ். திட்டுவது தமிழில், கணக்கு கன்னடத்தில், வேலை தெலுங்கில். புதிதாக வந்தவர்களுக்கு வயர் போடக் கற்றுக்கொடுக்கும்போது கங்கம்மா அக்கா "தாட்டு, திப்பு, தாட்டு" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே இருப்பார். தாண்டு, திருகு, தாண்டு. ஒருநாள் காலை என்னையறியாமல் என் வாயில் அது வந்தது. தாட்டு, திப்பு, தாட்டு. கிளிப்புகள் சொன்னபடி கேட்டன. அரை மணி நேரத்தில் ஒரு ரிப்பன் அகலத்துக்கு நெசவு போல ஒரு துண்டு விழுந்தது. நான் அதைப் படம் எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினேன். "கொசுவலை நல்லாருக்கு" என்று பதில் வந்தது.

இனியா முதலில் இதைப் பெரிய அவமானமாக நினைத்தாள். வீட்டுக்கு வந்த தோழியிடம், திண்டைப் போர்வையால் மூடி, "அது அப்பாவின் உடற்பயிற்சிப் பொருள்" என்றாள். ஆனால் பிள்ளைகளுக்குக் குண்டூசி குத்துவது பிடிக்கும். ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசி குத்திக்கொடுத்தாள். நான் தப்பாகப் போட்டால் "அப்பா, தாட்டு இல்ல, திப்பு!" என்று அதட்டுவாள்.

பிறகு ஒருநாள் பெருமையாகச் சொன்னாள், தன்னுடைய தமிழ் இப்போது எவ்வளவோ தேறிவிட்டது என்று. தாட்டு தெரியும், திப்பு தெரியும். அது தமிழ் இல்லை கண்ணு, தெலுங்கு, என்று நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் இருக்கிறதும் போய்விடும் என்ற பயம்தான்.

4

கார்டு கொடுக்கும் அலுவலகத்துக்கு நேரிலேயே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் போனேன். நேரம் வாங்காமல் நேரம் கேட்கப் போனவன் என்று வாசலிலேயே சிரித்தார்கள். ஆனாலும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மையார் நல்லவர். பொறுமையாக, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வேலையைத்தான் கேட்டிருப்பார். எனக்கோ தலை முழுக்கத் தங்கச்சி கல்யாணம். பையிலிருந்து லேஸ் துண்டை எடுத்துக்காட்டி, "நான் ஸ்பிட்ஸ செய்கிறேன், தங்கை கல்யாணத்துக்கு" என்றேன்.

ஜெர்மனில் லேஸுக்கு ஸ்பிட்ஸ என்று பெயர். அதே சொல்லுக்குப் பிரமாதம், அட்டகாசம் என்றும் அர்த்தம் உண்டு. அது எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருக்குத் துண்டு சரியாகத் தெரியவில்லை போல. நான் பிரமாதமாக இருக்கிறேன், தங்கைக்குக் கல்யாணம், அதனால் ரொம்பச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். "ஆகா, வாழ்த்துகள்!" என்று மனதார வாழ்த்திவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அவசரம் என்ற சொல்லை நான் சொல்வதற்குள் என் பின்னால் இருந்தவர் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் சொன்னேன். சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ" என்று தமிழில் சொன்னாள். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. கல்யாணத்துக்குள் நேரம் கிடைக்கவில்லை. செல்விக்கு ஷிப்ட் மாற்ற ஆள் இல்லை. பள்ளிக்கூட நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போக இங்கே அனுமதியும் கிடையாது. யாருமே போகவில்லை என்று ஆனது.

நான் அதைப் பாப்பாவிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "சரிண்ணா" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் திண்டைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து காலை மட்டும் இல்லாமல், வேலை முடிந்து வந்தும் போட்டேன்.

5

முதலில் இடது கைக்கான லேஸ் முடிந்ததும், செல்வியோடு வேலை செய்யும் ஒரு பெண் பெங்களூருக்கு லீவில் போனாள். டெய்லருக்கு அளவு பார்க்க உதவுமே என்று அவளிடமே கொடுத்தனுப்பினேன். இரண்டாவது கை முடிந்து கூரியரில் போய்ச் சேர்ந்தபோது கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

பாப்பா ஓசூர் டெய்லர் கடையிலிருந்து வீடியோ காலில் வந்தாள். மேசையில் இரண்டு லேஸும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சத்தியமாக அழகாக இருந்தன. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அண்ணா."

"சொல்லு பாப்பா."

"ரெண்டு மாங்காயும் ஒரே பக்கம் பாக்குது."

டெய்லர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது பின்னால் தெரிந்தது. நான் திரையை உற்றுப் பார்த்தேன். வலது கை மாங்காயும் இடது கை மாங்காயும் ஒன்றையொன்று பார்த்து வளையவேண்டும். இவை இரண்டும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரே காருக்கு இரண்டு போர்டு உண்டு. நம் ஊர்க் காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம், வெளிநாடு போகிற காருக்கு இடது பக்கம். ஒரு போர்டை அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி இன்னொரு போர்டு. வண்டி மாறுகிற அன்றைக்கு யாராவது ஒருத்தர் பழைய ஞாபகத்தில் வயரைப் போட்டுவிடுவார்கள். அதனால் காலையில் வந்ததும் "போர்டைத் திருப்பியாச்சா?" என்று கத்துவதுதான் என் முதல் வேலை. அந்தக் கேள்வி என் ரத்தத்தில் ஊறியது.

இரண்டாவது கையை ஆரம்பித்தபோதும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். திருப்பியாச்சா? உடனே வலது கைக்கான படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கமாக நகலெடுத்து, திருப்பினேன். ஆனால் இணையத்தில் எனக்குப் படம் விற்றவர்கள் கைக்கு ஒன்றாக இரண்டு படம் கொடுத்து, வலது கைக்கு உள்ளதை ஏற்கெனவே திருப்பித்தான் கொடுத்திருந்தார்கள். திருப்பியதைத் திருப்பினால் பழையபடி இடது கைதானே வரும். வேறு யாராக இருந்தாலும் பேசாமல் அச்சடித்து, பேசாமல் போட்டிருப்பார்கள். அனுபவசாலி ஆனதால் எனக்கு மட்டும் இது நடந்தது. முதல் கை ஊருக்குப் போய்விட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

"வேற ஒண்ணு போடறேன் பாப்பா" என்றேன். ஒரு வாரத்தில் மாங்காயின் காம்புகூட வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

டெய்லர் அக்காதான் யோசித்து, "ஒண்ண உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பி வெச்சா மாங்காய் சரியாப் பாக்கும்மா" என்றார். திருப்பி வைத்தார். மாங்காய் சரியாகப் பார்த்தது. ஆனால் இந்த லேஸின் பின்பக்கத்தில்தான் நூல் முடிகிற இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டிருக்கும். முன்பக்கம் மழமழவென்று இருக்கும், பின்பக்கம் கடுகு சிந்தின மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். வலது கையில் இப்போது கடுகு வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணும் பிரச்சன இல்ல, முடிச்சு மேலெல்லாம் கல்லு வெச்சு மறைச்சிடலாம்" என்றார் அக்கா.

பாப்பா அந்தத் துண்டைக் கையில் எடுத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு வேணாங்க்கா. அப்படியே இருக்கட்டும்" என்றாள். கோபமா, கிண்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் ஒரு வாரமும் என்னை விடவில்லை.

6

கல்யாணத்தன்று இங்கே விடிந்து காப்பி குடிக்கிற நேரம். நாங்கள் மூன்று பேரும் சமையலறை மேசையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தோம். செல்வி தோசை ஊற்றிக்கொண்டே பார்த்தாள். ஓசூர் மண்டபத்தில் மேளச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் கன்னடத்தில் கேட்க, சமையல்காரர் தெலுங்கில் பதில் சொல்ல, எங்கள் அம்மா இருவருக்கும் தமிழில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்திருந்தது யாரோ பக்கத்து வீட்டுப் பெண், ஆகையால் பாதி நேரம் எங்களுக்கு மண்டபத்து மின்விசிறிதான் தெரிந்தது.

தாலி கட்டியாகிவிட்டது. ஐயர் பொரித் தட்டை முன்னால் இழுத்து வைத்தார்.

"பொண்ணுக்கு அண்ணன் யாரு? வாங்க, சீக்கிரம்."

முருகேசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, புதுச்சட்டை போட்டு, வகிடெடுத்துச் சீவி, பொறுப்பாக வந்தான். பாப்பா அவனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு, ஐயரிடம் திரும்பினாள்.

"அண்ணன் ஏற்கெனவே வந்துடுச்சுங்க ஐயரே."

"எங்கம்மா?"

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முடிச்சு முடிச்சாக இருந்த அந்தக் கை.

"இதா, கையப் புடிச்சிட்டுத்தான் இருக்குது. இந்த முடிச்செல்லாம் அண்ணன் போட்டதுங்க."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முருகேசன் தட்டையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஐயர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு அடுத்த முகூர்த்தம் சூளகிரியில் இருந்திருக்கும்.

"அப்ப அந்தக் கையாலயே அள்ளிப் போட்டுக்கம்மா. நேரமாவுது."

பாப்பா வலது கையால் பொரியை அள்ளி இடது உள்ளங்கையில் போட்டாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து அக்கினியில் கொட்டினாள். இரண்டு மாங்காயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

செல்வி தோசையைத் தீய விட்டுவிட்டாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. இனியா என்னையும் போனையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் சொற்களைத் தேடிவிட்டு, முழுக்கத் தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, அது உன் வேலைதானே? அத்தை ஏன் செய்றாங்க?"

"அத்தை இல்ல கண்ணு" என்றேன். "நான்தான் செஞ்சேன்."